சராசரி யாருக்கு வேண்டும்?



தம்பி, உன் பாக்கெட் ஷெட்யூலர் அறிக்கையை ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு எரிச்சல் தந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குரல் பாக்கெட்டுகளின் சராசரித் தாமதம் 3 மில்லிசெகண்ட் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறாய். போனில் பேசுகிறவர் காதில் சராசரியா விழுகிறது? பிந்தி வந்த பாக்கெட்டால் அறுந்த சொல்தான் விழுகிறது. அதிகபட்சத் தாமதம் எவ்வளவு? அறிக்கை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை.

அடுத்தது, ஜி.711 கோடெக்கில் ஓடும் குரல் அழைப்பு ஒன்றுக்கு வினாடிக்கு 320 கிலோபிட் ஒதுக்கியிருக்கிறாய். ஹெடரோடு சேர்த்தே அதற்கு 80 போதும். 200 பைட் பாக்கெட் 5 மில்லிசெகண்டில் போகவேண்டுமென்றால் எடைப்படி பங்கிடும் டபிள்யூ.எஃப்.கியூ.வில் (weighted fair queueing) வேறு வழியில்லை, தெரியும்; 80 மட்டும் கொடுத்தால் 20 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஆனால் கணக்கைப் பார். உன் 10 மெகாபிட் லைனில் 30 அழைப்புக்கு 9.6 மெகாபிட் உறுதி கொடுத்துவிட்டால், மற்ற எல்லாருக்கும் சேர்த்து உறுதி தர 0.4தான் மிச்சம். குரல் உண்மையில் ஓட்டுவதோ 2.4! அவசரம் என்பதற்காக நான்கு மடங்கு பேண்ட்விட்த் எழுதிக்கொடுப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இதிலிருந்து தப்பும் வழிக்கு, ஸ்டோய்கா, ஹுய் சாங், யூஜின் இங் மூவரும் 1997இல் எழுதிய எச்.எஃப்.எஸ்.சி. (hierarchical fair service curve) கட்டுரையை எடுத்துப் படி. நாங்கள் அப்போது 2 மெகாபிட் லீஸ்டு லைன் ஒன்றில் கிளை அலுவலக போன்களையும் பேக்கப்பையும் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தோம். 1500 பைட் பாக்கெட் ஒன்று ஏறிவிட்டால் 6 மில்லிசெகண்டுக்கு லைன் அதனுடையது. நடுவில் இறக்க முடியாது. எங்கள் மூத்த பொறியாளர் கிராஃப் தாளில், நேரம் போகப்போக எவ்வளவு அனுப்பியாக வேண்டும் என்று குரலுக்கு ஒரு கோடு போட்டார்: முதல் 5 மில்லிசெகண்ட் 320 சரிவில் விறுவிறுவென்று ஏறி, பிறகு 80க்குச் சாய்ந்தது. டேட்டாவின் கோடு தரையோடு கிடந்து பிறகு எழுந்தது. தாமதமும் பேண்ட்விட்த்தும் தனித்தனி என்று அந்தத் தாளில்தான் கண்ணால் பார்த்தேன். இன்றுவரை எந்த ஷெட்யூலரைப் பார்த்தாலும் முதலில் அந்தக் கோட்டைத்தான் கேட்கிறேன். உன்னிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. நேர உறுதியும் நியாயப் பங்கீடும் எல்லாக் கணத்திலும் சேர்ந்து நிற்காது என்று அந்தக் கட்டுரையே நிறுவுகிறது. மோதும்போது நேர உறுதியைக் காத்து, பங்கீட்டில் வரும் பிசகைக் குறைக்கப் பார்க்கிறது. இரண்டையும் எப்போதும் தருவதாக நீ எழுதிய வரியை எடுத்துவிடு.

சும்மா கிடந்த பேண்ட்விட்த்தை எடுத்துக்கொண்ட டிராஃபிக் வகுப்பைப் பின்னால் பட்டினி போடாமல், திரும்பி வரும் வகுப்பை மற்றவற்றின் விர்ச்சுவல் டைமிலேயே (யாருக்கு எவ்வளவு சேவை போனது என்ற கணக்கிலேயே) சேர்த்துவிடும் உன் ஷெட்யூலரின் அந்தச் சில வரிகள் அபாரம். அனுபவசாலிகளே கோட்டைவிடும் இடம் அது. அதில் மட்டும் கை வைக்காதே.