பீடித்தட்டும் பாடநூலும்

நெல்லைச் சீமை என்றதும் பொருநை பாயும் பசுமையான வயல்களே நம் நினைவுக்கு வருகின்றன. பாபநாசத்தில் மலையிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி, கார், பிசானம் என இருபோக நெல்லை விளைவிக்கிறது. ஆனால் ஆற்றுக் கால்வாய் எட்டாத ஊர்களும் இங்கு ஏராளம். அங்கே மழையை நம்பிய வெள்ளாமை ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. அந்தக் குறையை நெடுங்காலமாக நிரப்பி வருவது பீடித் தொழிலாகும்.

முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம், பாவூர்ச்சத்திரம், கடையம் முதலிய ஊர்களில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகின்றனர். (இவற்றுள் பின் மூன்றும் 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவை.) இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா போன்ற மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத் தூளும் வெளியூர்ச் சரக்கே. நம் ஊருக்குரியது உழைப்பு மட்டுமே. இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளிட்டுச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கூலிக் கணக்கு. வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு ஆயிரத்தை எட்டத் தாயின் இரு கைகள் போதா. ஆகவே பள்ளி விட்டு வரும் மகளும் தட்டின் முன் அமர்கிறாள்.

இதைச் சட்டம் தடுக்கவில்லையா? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் பீடி சுற்றுதலைத் தடைசெய்த தொழில்களுள் சேர்த்தது. எனினும் குடும்பத்தார் வீட்டில் செய்யும் தொழிலுக்கு அது விலக்கு அளித்தது. ஆதலால் சட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது. அபாயகரமான தொழில்களில் இந்த விலக்கு நீங்க 2016-ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இப்பெண்களுக்கு ஆசைகள் இல்லாமல் இல்லை. ஆசிரியை, செவிலி, காவல் அதிகாரி என்று அவர்களும் கனவு காண்கின்றனர். கல்லூரிக்கும் குறைவில்லை. பாளையங்கோட்டையில் 1895-ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கான சாராள் தக்கர் கல்லூரி தோன்றிவிட்டது. அவர்களுக்குக் குறைவானது நேரமே. மாலை முழுவதும் படிப்பவளும், மாலை முழுவதும் பீடி சுற்றுபவளும் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகின்றனர்.

நல்ல திட்டங்கள் இந்த நேரத்தைத்தான் மீட்டுத் தந்திருக்கின்றன. அரசு தந்த விலையில்லா மிதிவண்டி, பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுதை மிச்சப்படுத்தியது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கியது. அத்தொகை பெரிதன்று எனலாம். ஆயினும், அது பல ஆயிரம் பீடிகளைச் சுற்றும் பொழுதுக்கு ஈடாகும் என்பதைப் பீடி சுற்றும் வீடு நன்கு அறியும்.

சகோதரிகளே, திட்டம் தீட்டுவது அரசின் கடமை. நம் கைக்கு எட்டிய கடமைகளும் உண்டு. வீட்டுப்பாடம் முடிக்காமல் வரும் தோழியைச் சோம்பேறி என்று எண்ணாதிருப்போம். அவளது சீருடையில் புகையிலை நெடி வீசினால் முகம் சுளிக்காதிருப்போம். நண்பகல் இடைவேளையில் அரைமணி நேரம் அவளோடு அமர்ந்து படிப்போம். அவளுக்கு இல்லாத நேரத்தில் சிறிதளவை நம்மால் கொடுக்க முடியும்.