விதைக்கும் ஒரு மறுவீடு வேண்டும்

இடம்பெயரும்போது அடையாள அட்டையையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் எடுத்துக்கொள்கிறோம். விதை முடிச்சோ அடுப்பங்கரையிலேயே தங்கிவிடுகிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது லயங்களே புதைந்துபோயின. வீட்டோடு போகும் நாட்டுக் கத்தரி, பயற்றை, குரக்கன் விதைகளைக் கடையில் திரும்ப வாங்க முடியாது. பழைய இனங்கள் பல, அவற்றைப் பேணுபவர் கையில்தான் உயிரோடிருக்கின்றன.

சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே வரண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச விதை வங்கி ஒன்று இருந்தது. போரினால் அங்கு பணியைத் தொடர முடியவில்லை. ஆனால் அவ்விதைகளில் ஒரு பங்கு முன்பே நோர்வேயின் ஸ்வால்பார்ட் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. 2015 இல் அதிலிருந்து எடுத்து லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். எம்மைப் போலவே அந்த விதைகளும் இடம்பெயர்ந்தன. வேறிடத்தில் ஒரு பங்கு இருந்ததால் பிழைத்தன.

எமது நாட்டிலும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில், 1988 இல் நிறுவப்பட்ட தாவர மரபு வள நிலையம் பயிர் விதைகளைக் குளிரில் காக்கிறது. வீட்டில் நாம் செய்யக்கூடியவை இவை:

1. நோயற்ற பல செடிகளில் முற்றிய காய்களை விதைக்கென விட்டுவையுங்கள்.

2. மலைநாட்டுக் குளிர் விதைக்கு நல்லது, ஈரம் ஆகாது. விதையின் ஈரம் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும். நிழலில் காற்றாட உலர்த்துங்கள். அடுப்பில் வாட்ட வேண்டாம்.

3. வறுத்து, மூடி ஆறவைத்த அரிசியைப் போத்தலின் அடியில் இட்டு, மேலே விதையைக் கடதாசியில் பொதிந்து வைத்து இறுக மூடுங்கள். பெயரையும் மாதத்தையும் எழுதுங்கள்.

4. ஆண்டுதோறும் 10 விதைகளை ஈரத்துணியில் முளைக்க வையுங்கள். 7 க்குக் குறைவாக முளைத்தால் அந்தப் போகத்திலேயே விதைத்துப் புது விதை எடுங்கள்.

5. ஒரு பங்கை வேறு தோட்டத்திலுள்ள உறவினரிடம் கொடுத்துவையுங்கள்.

பலா விதை உலர்ந்தால் செத்துவிடும். அதைக் காக்கும் வழி உடனே நடுவதே.

பஞ்ச காலத்தில் யோசேப்பு மக்களுக்கு உணவுக்கு மட்டுமன்றி விதைப்பதற்கும் தானியம் கொடுத்தார் என்று திருமறை கூறுகிறது. உணவு இன்றைய பசியைத் தீர்க்கும். விதை நாளைய நிலத்தைத் திருப்பித் தரும்.

குழுவாகக் கலந்துரையாட:

• நாம் விட்டுவந்த ஊரில் விளைந்த எந்தப் பயிர் இன்று எம்மிடம் இல்லை? அதன் விதை யாரிடம் இருக்கும்?

• எமது விதையின் மறுபங்கை யாரிடம் கொடுத்துவைப்போம்?