வாசலில் நிற்கும் வீட்டிற்கு வானலை

அமெரிக்க நாட்டில் ‘ஆர்.வி.’ என்றழைக்கப்படும் ஒருவகை வாகனம் உண்டு. படுக்கை, சமையலறை, குளியலறை ஆகியவை அதனுள்ளேயே அமைந்திருப்பதால் அதனை நடமாடும் வீடு எனலாம். பெரும்பாலும் விடுமுறையில் ஊர் சுற்றுவதற்கே மக்கள் இதனை வாங்குகின்றனர். ஆனால் 2020-ஆம் ஆண்டு கொரோனா நோய் பரவியபோது இவ்வாகனம் ஓர் அரிய தொண்டிற்குப் பயன்பட்டது. நோயாளிகளைக் கவனித்த மருத்துவர், செவிலியர் சிலர், தம்மால் வீட்டாருக்கு நோய் தொற்றிவிடுமோ என்று அஞ்சி, வீட்டருகே நிறுத்திய ஆர்.வி.யில் தனியே தங்கினர். முன்பின் அறியாத மருத்துவ ஊழியருக்குத் தம் வண்டியை இலவசமாகக் கொடுத்து உதவிய நல்லுள்ளங்களும் உண்டு.

சில அடி தூரத்தில் குழந்தை இருந்தும் அள்ளி அணைக்க இயலாத ஒரு தாயை நினைத்துப் பார்ப்போம். கைப்பேசியில் அதன் முகத்தைக் காண்பதே அவளுக்கு ஆறுதல். வீட்டிலோ வைஃபை இருக்கிறது. வண்டி வாசலில்தான் நிற்கிறது. ஆயினும் வண்டிக்குள் நுழைந்ததும் படம் அசையாமல் நின்றுவிடுகிறது. குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது.

காரணம் யாது?

வைஃபை என்பது வானொலி அலையின் ஒரு வகையே. 1931-ல் மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலி திருத்தந்தையின் குரலை உலகெங்கும் கொண்டு சென்றதும் இத்தகைய மின்காந்த அலையினால்தான். இவ்வலைக்கு உலோகம் பெருந்தடை. 1888-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ், ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவதுபோல் இவ்வலைகள் துத்தநாகத் தகட்டில் பட்டுத் திரும்புவதைக் காட்டினார். ஆர்.வி. பலவற்றின் வெளிச்சுவர் அலுமினியத் தகடே. ஆகவே அலை பெரும்பாலும் சன்னல் வழியேதான் உள்ளே நுழைய வேண்டும்.

இதனை அறிய நாங்கள் தோழியர் மூவர் ஒரு சிறு சோதனை செய்தோம். கைப்பேசியைச் சமையலறை அலுமினியத் தாளில் சுற்றி, மற்றொன்றிலிருந்து அழைத்தோம். மணி அடித்தது! பார்த்தால், ஓரத்தில் சிறு இடைவெளி. இடைவெளியின்றி மும்மடிப்பாகச் சுற்றியபின் மணி அடிக்கவே இல்லை.

தூரமும் ஒரு காரணம். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

செய்ய வேண்டுவன

முதலில் வீட்டிற்குள் ரௌட்டர் பெட்டியின் அருகே நின்று பார்க்க வேண்டும். அங்கேயே வேகம் இல்லையெனில் குற்றம் வண்டியினுடையதன்று.

அங்கு நன்றாக இருந்தால், ரௌட்டரை வண்டியை நோக்கிய சன்னலருகே உயரமாக வைக்கலாம். இதற்குச் செலவே இல்லை. ரௌட்டரில் இரு அலைவரிசைகள் இருப்பின், 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது; ஆனால் சுவரைக் கடக்கையில் அதிகம் தளரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகம் குறைந்தாலும் தொலைவிற்கு ஏற்றது.

‘ரிப்பீட்டர்’ என்னும் கருவி, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் சிறுமியைப் போன்றது. அவளுக்கே காது கேட்காத இடத்தில் நிறுத்தினால் என்ன சொல்வாள்? எனவே அதனை வண்டிக்குள் வைக்காமல், அலை இன்னும் நன்றாகக் கிடைக்கும் நடுவழியில் வைக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் கேட்பதும் சொல்வதுமாக இருந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். வண்டியின் கூரைமேல் ஆண்டெனா பொருத்தி, கம்பி வழியே உள்ளே கொண்டு வருவது அதனினும் நன்று.

வண்டி நெடுநாள் நிற்குமாயின் எல்லாவற்றிலும் உறுதியானது ஈதர்நெட் கம்பியே. அது 100 மீட்டர் வரை தடையின்றிச் செய்தியைக் கொண்டு செல்லும். வெயில், மழை தாங்கும் கம்பியாகப் பார்த்து வாங்க வேண்டும். இடி மின்னலுக்கு முன்னரே இரு முனைகளையும் கழற்றி வைக்க வேண்டும்.

அன்புத் தோழியரே! நாம் பாடமாகப் படிக்கும் எதிரொளித்தலும் அலைநீளமும் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுவதில்லை. பிறருக்காகத் தன்னைத் தனிமைப்படுத்திக்கொண்ட ஒரு தாய்க்கு, இரவில் தன் குழந்தையின் முகத்தைக் காட்டவும் அவை உதவுகின்றன. இறைவன் தந்த அறிவை இத்தகைய உதவிக்கென்று கற்போமாக!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு