பதினாறாவது ஆட்டக்காரர் எவ்வளவு சத்தம் போடுகிறார்?

போன தவணையில் எங்கள் பள்ளித் திடலில் ஒரு ரக்பி ஆட்டம் நடந்தது. பக்கக்கோட்டை ஒட்டி ஏறக்குறைய 300 மாணவர்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்து தொண்டை கட்டிப்போன நிலையில் படிவம் மூன்று மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, “டீச்சர், நாங்க கத்தினதாலதான் ஜெயிச்சாங்களா?” என்று கேட்டார். பதிலைப் பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். நல்ல கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாது அல்லவா? இந்த வாரப் பாடம் அந்தக் கேள்விதான்.

ரக்பி யூனியனில் ஒரு குழுவுக்கு 15 பேர். சொந்தத் திடலில் ஆடும்போது ரசிகர்களைப் ‘பதினாறாவது ஆட்டக்காரர்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். இந்தப் பதினாறாவது ஆளைப் பார்க்க நாம் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகருக்குப் போக வேண்டும். அங்குள்ள பிரின்சிபாலிட்டி அரங்கம் 1999இல் திறக்கப்பட்டது. சுமார் 74,500 இருக்கைகள். நகரின் நடுவிலேயே இருக்கிறது. மேலே இழுத்து மூடக்கூடிய கூரை உண்டு. மூடி முடிக்க ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். மழைக்காகக் கட்டிய கூரைதான். ஆனால் எதிரணிகள் கவலைப்படுவது மழையைப் பற்றி அல்ல, சத்தத்தைப் பற்றி.

முதலில் சத்தத்தை அளந்து பார்ப்போம். டெசிபெல் என்ற அளவை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது மீட்டர், கிலோகிராம் போன்ற நேர் அளவு அல்ல, மடக்கை அளவு. 10 டெசிபெல் கூடினால் ஒலிச்செறிவு 10 மடங்கு. 20 கூடினால் 100 மடங்கு. 30 கூடினால் 1,000 மடங்கு. நம் காதுகளோ இவ்வளவு பெரிய மாற்றத்தை அப்படியே உணர்வதில்லை. 10 டெசிபெல் கூடும்போது ‘சத்தம் இரண்டு மடங்கானது’ என்றுதான் பெரும்பாலோருக்குத் தோன்றும்.

இதிலிருந்து ஒரு வேடிக்கையான முடிவு கிடைக்கிறது. கத்துபவர்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் செறிவும் இரட்டிப்பாகும். ஆனால் டெசிபெல் கணக்கில் அது வெறும் 3தான். அதாவது 74,500 பேர் நிறைந்த அரங்கத்தில் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாலும், மிச்சமுள்ளவர்கள் அதே வேகத்தில் கத்தினால், சத்தம் 3 டெசிபெல் மட்டுமே குறையும். கண்ணுக்கு அரங்கம் பாதி காலி. காதுக்கு அது சிறு மாற்றம்.

இப்போது எங்கள் பள்ளித் திடலுக்குத் திரும்புங்கள். 75,000 பேருக்கும் 300 பேருக்கும் உள்ள வேறுபாடு 250 மடங்கு. டெசிபெல்லில் சுமார் 24. ஆனால் பெரிய அரங்கத்தில் ரசிகர்கள் ஆட்டக்காரரிடமிருந்து வெகுதூரத்தில் இருக்கிறார்கள். சராசரியாக 60 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பள்ளித் திடலில் 10 மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். 60 மீட்டரில் இருப்பவர் 10 மீட்டருக்கு வந்தால் ஏறக்குறைய 16 டெசிபெல் ஆதாயம். 24இல் 16 போனால் மிச்சம் 8. ஆக, பக்கக்கோட்டருகே நிற்கும் ஆட்டக்காரரின் காதுக்கு எங்கள் 300 மாணவர்கள் ஒரு பெரிய அரங்கத்தைவிட 8 டெசிபெல்தான் குறைவு! பாதிச் சத்தத்துக்கும் சற்று அதிகம் என்று சொல்லலாம். இது தோராயக் கணக்கு. கூரையையும் சுவர்களையும் நான் சேர்க்கவில்லை. ஆனாலும் தொண்டை கட்டிய அந்த மாணவருக்கு இது ஆறுதலாக இருக்கும்.

கூரையைச் சேர்த்தால் என்ன ஆகும்? திறந்த அரங்கத்தில் மேல்நோக்கிப் போகும் ஒலி வானத்தோடு போய்விடும். கூரையை மூடினால் அது மோதித் திரும்புகிறது; மறுபடி இருக்கைகளில் மோதுகிறது; மறுபடி மேலே போகிறது. சத்தத்தின் அளவு கூடுவது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு ஒலியும் உடனே அடங்காமல் நீண்டு, அடுத்த ஒலியின் மேல் படிவது. இதுதான் எதிர்முழக்கம். உயிரெழுத்துகளின் ஒலி நீளமானது, பிழைத்துக்கொள்ளும். க், ச், ட், த், ப் போன்ற வல்லினங்கள் ஒரு நொடியின் சிறு பகுதியில் வெடித்து மறைபவை. அவைதான் முதலில் தொலைந்துபோகும். அப்போது ‘பட்டம்’ என்றாலும் ‘கட்டம்’ என்றாலும் ஒன்றுபோலவே கேட்கும்.

இது ரக்பியில் எங்கே வலிக்கும் தெரியுமா? லைன் அவுட்டில். பந்து பக்கக்கோட்டைத் தாண்டிப் போனதும் இரு குழுவினரும் வரிசையாக நிற்பார்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் பந்தை வீசுவார். யாருக்கு, எவ்வளவு தூரம் என்பதை வரிசையில் நிற்கும் ஒருவர் ரகசியக் குறிச்சொல்லால் கத்திச் சொல்வார். இந்த வரிசை கோட்டிலிருந்து 5 மீட்டரில் தொடங்கி 15 மீட்டர் வரை நீளும். நன்றாகக் கத்தும் ஒருவரின் குரல் 1 மீட்டரில் 90 டெசிபெல் என்று வையுங்கள். 10 மீட்டரில் அது 70 ஆகிவிடும். சுற்றிலும் கூட்டத்தின் இரைச்சல் 100 டெசிபெல் என்றால் குறிச்சொல் அதைவிட 30 டெசிபெல் கீழே. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேட்காது. அதனால்தான் பெரிய ஆட்டங்களில் கைச்சைகைகளையும் பயன்படுத்துகிறார்கள். 2015இல் கார்டிஃபுக்குப் போவதற்கு முன் இங்கிலாந்து குழு, பயிற்சித் திடலில் ஒலிபெருக்கிகளை அலறவிட்டுப் பழகியது. அந்த ஆட்டத்தில் 21-16 என்று வென்றும் விட்டது.

இங்கே சற்று நில்லுங்கள். நான் சொன்னதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனித்தீர்களா? இரைச்சல் பாகுபாடு பார்ப்பதில்லை. வந்த குழுவின் குறிச்சொல்லை அமுக்கும் அதே இரைச்சல் சொந்தக் குழுவின் குறிச்சொல்லையும் அமுக்கும். அப்படியானால் வெறும் இயற்பியலை வைத்துக்கொண்டு ‘ரசிகர்களால் சொந்தக் குழுவுக்கு ஆதாயம்’ என்று சொல்ல முடியாது. எங்கே கத்துவது, எங்கே அடங்குவது என்று கூட்டத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். அயர்லாந்தின் லிமெரிக் நகரில் உள்ள தாமண்ட் பார்க் திடலின் ரசிகர்கள் இதற்குப் பெயர் பெற்றவர்கள். 1978இல் நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் குழுவை மன்ஸ்டர் குழு 12-0 என்று வீழ்த்திய திடல் அது. காது கிழியக் கத்தும் அதே கூட்டம், கம்பத்தை நோக்கி யாராவது பந்தை உதைக்கத் தயாரானால் சட்டென்று மௌனமாகிவிடும். சொந்தக் குழுவுக்கு மட்டுமல்ல, எதிரணியினருக்கும் அதே மௌனம். மரியாதைதான். ஆனால் இரைச்சலுக்குப் பழகிய காதில் திடீரென விழும் அந்த அமைதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேர்வு மண்டபத்தில் பேனா விழுந்தால் எப்படிக் கேட்கும்? அப்படி.

சரி, ஆதாயம் எங்கிருந்து வருகிறது? ஆய்வாளர்கள் ஆட்டக்காரர்களைவிட்டு இன்னொருவரைப் பார்த்தார்கள். நடுவர்.

2002இல் வெளியான ஓர் ஆய்வு காற்பந்தைப் பற்றியது. தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு இங்கிலீஷ் பிரிமியர் லீக் ஆட்டம் ஒன்றின் ஒளிப்பதிவைக் காட்டினார்கள். ஒரே காட்சிகள், மொத்தம் 47 மோதல்கள். ஒரு பிரிவினருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, இன்னொரு பிரிவினருக்குச் சத்தமே இல்லாமல். ஒவ்வொரு மோதலும் தவறா, இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சத்தத்தைக் கேட்ட நடுவர்கள் உபசரணைக் குழுவுக்கு எதிராக 15.5 விழுக்காடு குறைவாகவே தவறு கொடுத்தார்கள். வந்த குழுவை வேண்டுமென்றே தண்டித்தார்கள் என்பதல்ல; சொந்தக் குழுவைத் தண்டிக்கும்போது விசில் சற்றுத் தயங்கியது. அவர்களில் யாரும் ஏமாற்றுக்காரர் அல்லர். நொடியில் முடிவெடுக்க வேண்டிய மூளை, கிடைக்கும் எல்லாத் தடயங்களையும் எடுத்துக்கொள்கிறது, கூட்டத்தின் ‘ஓ!’ என்ற கூச்சலும் அதற்கு ஒரு தடயமாகிவிடுகிறது.

இந்த ஆய்வில் மாறியது எது, மாறாமல் வைத்தது எது என்று கேட்டால் உங்களால் உடனே சொல்ல முடியும். தற்சாற்பு மாறி, சத்தம். சார்பு மாறி, நடுவரின் முடிவு. கட்டுப்படுத்தப்பட்ட மாறி, அதே ஒளிப்பதிவு. அறிவியல் தேர்வில் நீங்கள் எழுதும் அதே மூன்றுதான்.

ஆனால் அறையில் நடந்த சோதனை வேறு, அரங்கம் வேறு. உண்மையான லீக் ஒன்றில் ரசிகர்களை அப்புறப்படுத்திவிட்டு ஆடச் சொன்னால் எந்த நாடு ஒப்புக்கொள்ளும்? கோவிட்-19 யாரிடமும் ஒப்புதல் கேட்கவில்லை. 2020 மே 16ஆம் தேதி ஜெர்மனியின் பண்டஸ்லீகா காற்பந்து லீக் காலி அரங்கங்களில் மீண்டும் தொடங்கியது. அதே குழுக்கள், அதே திடல்கள், அதே பருவம். ரசிகர்கள் மட்டும் இல்லை. அதுவரை அந்தப் பருவத்தில் உபசரணைக் குழு வென்ற ஆட்டங்கள் சுமார் 43 விழுக்காடு. ரசிகர்கள் போன பிறகு அது சுமார் 33 ஆனது. வந்த குழுக்களுக்கு மஞ்சள் அட்டை காட்டும் வழக்கமான சாய்வும் குறைந்தது.

இவை காற்பந்தின் எண்கள். ரக்பிக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ரக்பியில் நடுவரின் விசிலுக்கு மதிப்பு அதிகம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு பெனால்டி உதை 3 புள்ளி. பல பெரிய ஆட்டங்கள் அந்த 3 புள்ளிக்குள்தான் முடிகின்றன.

கூடவே ஓர் எச்சரிக்கை. சொந்தத் திடலின் ஆதாயம் முழுவதும் ரசிகர்களால் வருவதல்ல. ஜோகன்னஸ்பர்க் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றழுத்தம் குறைவு, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. நியூசிலாந்திலிருந்து அங்கு போகும் ஆட்டக்காரரின் உடற்கடிகாரம் 10 மணி நேரம் தள்ளி ஓடும். அவர் களைத்துப்போனால் அது கூட்டத்தின் குற்றமா?

கார்டிஃப் கூரைக்கு வருவோம். 2013 மார்ச் 16. கூரை மூடப்பட்டிருந்தது. வேல்ஸ் 30, இங்கிலாந்து 3. நான்கு ஆண்டுகள் கழித்து, 2017 பிப்ரவரி 11. கூரையை மூட இரு குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. இங்கிலாந்தின் பயிற்றுநர் எடி ஜோன்ஸ் திறந்தே இருக்கட்டும் என்றார். இங்கிலாந்து 21, வேல்ஸ் 16. ‘பார்த்தீர்களா டீச்சர், கூரைதான் காரணம்!’ என்று சொல்லத் தோன்றுகிறதா? இரண்டே ஆட்டங்கள். ஆட்டக்காரர்கள் வேறு, பயிற்றுநர்கள் வேறு, ஆண்டு வேறு. இத்தனை மாறிகள் ஒன்றாக மாறினால் எதையும் நிரூபிக்க முடியாது. 2023 உலகக் கிண்ணக் காலிறுதியில், பாரிசில், தன் சொந்த ரசிகர்கள் நிறைந்த அரங்கத்தில் பிரான்ஸ் 28-29 என்று தென்னாப்பிரிக்காவிடம் தோற்றது. ஒரே ஒரு புள்ளி! அதற்காகப் பிரெஞ்சு ரசிகர்கள் சரியாகக் கத்தவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே என் மாணவருக்குப் பதில்: நீங்கள் கத்தியதால் ஜெயித்தார்கள் என்று அந்த ஓர் ஆட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. நூறு ஆட்டங்களை வைத்துப் பார்த்தால், கத்துபவர்கள் இருக்கும் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது.

கத்துபவர்களின் காதைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். வேலையிடங்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்புப் பரிந்துரை ஒன்றின்படி 85 டெசிபெல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி... 100க்கு வரும்போது 15 நிமிடம்தான். ரக்பி ஆட்டமோ 80 நிமிடம். கூட்டம் இடைவிடாமல் 100இல் கத்துவதில்லை என்றாலும், உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. தம்பி தங்கைகளை அரங்கத்துக்கு அழைத்துப் போனால் காதுறை மாட்டிவிடுங்கள். ‘ஸ்டைலா இல்லையே’ என்பார்கள், விடாதீர்கள்.

இனி உங்கள் வேலை. கைப்பேசியில் ஒலியளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் பதிவிறக்குங்கள். பள்ளித் திடலின் நடுவில் கைப்பேசியை நாற்காலிமேல் வையுங்கள். 5 மீட்டர் தள்ளி, வட்டத்தில் நின்று, முதலில் ஒருவர் ‘ஆ’ என்று கத்தட்டும். பிறகு 2 பேர், 4, 8, 16. ஒவ்வொரு முறையும் 3 டெசிபெல் கூடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் மெதுவாகவும் இன்னொருவர் உயிர்போகவும் கத்தினால் கணக்கு கெடும். அதனால் மும்முறை செய்து சராசரி எடுங்கள். பிறகு அதே 16 பேரும், அதே 5 மீட்டரும், பள்ளி மண்டபத்துக்குள். கதவுகளை மூடிக்கொண்டு ஒருமுறை செய்யுங்கள். திடலில் வந்த எண்ணுக்கும் மண்டபத்தில் வந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் ‘கூரை’. செய்வதற்கு முன் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்; நான் ஒருமுறை சொல்லாமல் செய்து, துணைத் தலைமையாசிரியர் ஓடி வந்துவிட்டார்.