ஹெச்.ஆர்.சி. எண்ணைப் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள்

"சார், இந்தக் கத்தி 58தான். அது 61. அப்போ அதுதானே நல்லது?"

மலையேறப் போகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். தூண்டில் போடப் போகிறவர்கள் கேட்கிறார்கள். என்னிடம் உலோகவியல் படித்துவிட்டுப் போனவர்களே கேட்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சட்டைப்பையில் வைக்கப்போகும் மடக்குக் கத்தியின் அலகு எவ்வளவு தடிமன், பிடி கையில் ஒழுங்காக உட்காருகிறதா என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. எஃகின் கடினத்தைக் குறிக்க விளம்பரத்தில் போட்டிருக்கும் ஹெச்.ஆர்.சி. எண் மட்டும் மனப்பாடமாக இருக்கும். எண் கூடினால் உயர்ந்த கத்தி, குறைந்தால் தகரம் என்ற இந்த நம்பிக்கையால் விற்பவருக்குத்தான் லாபம். மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கியவர், வாய் மழுங்கிய பிறகு அதைத் தீட்ட வழி தெரியாமல் மேசை டிராயரில் போட்டு வைக்கிறார்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த சோதனை அது. பால்பேரிங் தயாரித்த தொழிற்சாலையில், வளையங்கள் சரியாகப் பதமாகியிருக்கின்றனவா என்று விரைவாகப் பார்க்க அவர்களுக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. கத்திக்குப் பயன்படும் 'சி' அளவுகோலில் ஒரு வைரக் கூம்பை முதலில் 10 கிலோ எடையோடும் பிறகு 150 கிலோ எடையோடும் எஃகின் மேல் அழுத்துவார்கள். கூம்பு எவ்வளவு கூடுதலாக இறங்கியது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டருக்கும் ஓர் எண் குறையும். அப்படியானால் 58க்கும் 60க்கும் உள்ள வேறுபாடு என்ன? குழியின் ஆழத்தில் நான்கு மைக்ரான். கருவியின் பிழை வரம்பே ஒரு எண் மேலோ கீழோ போகும். இதை நம்பி ஒருவர் ஆயிரக்கணக்கில் கூடுதலாகச் செலவழிக்கிறார் என்றால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குழி அலகின் தட்டையான பக்கத்திலோ, அதே தொகுதியில் பதமான ஒரு மாதிரித் துண்டிலோ போடப்படுவது. நீங்கள் வெட்டுவது வாயால். நன்றாகத் தீட்டிய வாயின் நுனி ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன்தான் இருக்கும். தொழிற்சாலையில் கடைசியாக வாய் பிடிக்கும்போது பெல்ட் அரவையில் தண்ணீர் படாமல் சூடேறினால், அந்த மெல்லிய நுனி மட்டும் பதம் இழந்து மென்மையாகிவிடும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் மாறாது. புதுக்கத்தி சீக்கிரம் மழுங்கி, இரண்டு மூன்று முறை தீட்டிய பிறகு கூர் நன்றாக நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். சூடுபட்ட எஃகு தேய்ந்து போய், உள்ளே இருந்த நல்ல எஃகு வெளியே வந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

வாய் எப்படி மழுங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்த எண் மோகம் தானாகவே விட்டுப்போகும். நுனி மடங்கிக்கொள்ளலாம், தேயலாம், பல் பல்லாகப் பெயரலாம். கடினம் கூடினால் மடங்குவது குறையும், உண்மைதான். ஆனால் பெயர்வது கூடும். இந்த இரண்டாவது பாதியை எந்த விளம்பரமும் சொல்லாது. தேய்வதோ பெரும்பாலும் எஃகுக்குள் இருக்கும் கார்பைடுத் துகள்களைப் பொறுத்தது. கான்கிரீட்டில் ஜல்லி கிடப்பதுபோல எஃகில் அவை கிடக்கின்றன. எஸ்90வி என்ற பொடி உலோகவியல் எஃகில் வனேடியம் 9 சதவீதம். அதில் விளையும் கார்பைடு மிகக் கடினமானது. 14சி28என் என்ற சுவீடன் எஃகில் கார்பன் வெறும் 0.62 சதவீதம், பெரிய கார்பைடுகளே கிடையாது. இரண்டையும் 60க்குப் பதமாக்கலாம். எண் ஒன்று, குணம் வேறு. மணல் ஒட்டிய கயிற்றையும் அட்டைப்பெட்டியையும் அறுத்துக்கொண்டே இருந்தால் முதலாவது பல மடங்கு நேரம் தாங்கும். மரக்கட்டையில் குத்தித் திருகினாலோ எலும்பில் இடித்தாலோ இரண்டாவதுதான் பல் பெயராமல் பிழைக்கும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் காட்ரா என்ற ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் இயந்திரம், 5 சதவீதம் சிலிக்கா கலந்த அட்டைகளைக் கத்தியால் அறுத்து, எவ்வளவு அறுபட்டது என்று அளக்கிறது. ஐ.எஸ்.ஓ. 8442-5 என்ற தரநிலைச் சோதனை இது. அமெரிக்க உலோகவியலாளர் லாரின் தாமஸ் இந்தச் சோதனையைப் பலவகை எஃகுகளிலும் பல கோணங்களிலும் செய்து எழுதியிருக்கிறார். வாயின் கோணத்தைக் குறைத்தால் அறுக்கும் அளவு பல மடங்கு கூடுகிறது. ஹெச்.ஆர்.சி.யில் ஓரிரு எண் கூடுவதால் கிடைக்கும் ஆதாயம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. வடிவம் முதலில், எஃகின் இனம் அடுத்து, அதற்கும் அடுத்துதான் அந்த எண்.

இன்னும் நம்பாதவர்கள் சுவிஸ் ராணுவக் கத்தியைப் பாருங்கள். கார்ல் எல்ஸனர் 1884இல் இபாக் என்ற ஊரில் தொடங்கிய பட்டறை, இன்றைய விக்டோரினாக்ஸ். அதிகாரிகளுக்கான கத்தியை அவர் பதிவு செய்தது 1897இல். அந்த நிறுவனம் தன் கத்தியின் அலகுக்குச் சொல்லும் எண் 56. அதே கத்தியின் ரம்பத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் 53. டப்பா திறப்பானுக்கும் திருப்புளிக்கும் 52. தக்கை திருகுக்கும் வில்லுக்கும் 49. வேலைக்கு வேலை எண்ணை வேண்டுமென்றே இறக்கியிருக்கிறார்கள். திருப்புளியை 61 வைத்தால் முதல் திருகிலேயே முனை உடையும்; வில்லை 61 வைத்தால் சொடக்கென்று முறியும். நூறாண்டுக்கு மேலாக இதையே தொழிலாகச் செய்கிறவர்களுக்கு எண்ணை ஏற்றத் தெரியாது என்று நினைக்கிறீர்களா?

எனவே கடைக்குப் போனால் எண்ணைக் கேட்காதீர்கள். கத்தியைத் திறந்து நுனிப்பக்கமிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதுகு 2, 2.5 மில்லிமீட்டர் இருந்தால் பழம், ரொட்டி, கயிறு, பொட்டலம், மூங்கில் சிம்பு எல்லாவற்றுக்கும் போதும். முதுகு 4 மில்லிமீட்டர் இருந்து, வாய்க்குச் சற்று மேலேயும் அதே பருமன் தொடர்ந்தால் அது வெட்டும் கத்தி இல்லை, பிளக்கும் ஆப்பு. வீட்டில் ஒரு கேரட்டை நறுக்கினால் தெரிந்துவிடும். வாய் அடிவரை போகுமுன் "டக்" என்று பிளந்தால் அலகு தடிமன். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஒப்பினல் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய அலகு, மரப்பிடி, அதற்குமேல் அலங்காரம் ஏதும் இல்லை. வெட்டுவதில், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள தடித்த கத்திகளை அது தோற்கடிக்கும். அதற்கும் குறை உண்டு. மழையில் நனைந்தால் பீச் மரப்பிடி ஊதிக்கொண்டு அலகு திறக்க அடம்பிடிக்கும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பிடியை ஐந்து நிமிடமாவது இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். பையில் மாட்டும் கிளிப் உள்ளங்கையில் குத்தினால், அரைமணி நேரம் குச்சி சீவியதும் கொப்புளம் வரும். சுழலாணி திருகு போட்டதா, அறைந்து மூடியதா என்றும் பாருங்கள். திருகு போட்டதென்றால் ஆட்டம் கண்டால் நீங்களே இறுக்கலாம்.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது என்கிறார்கள். பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஆனால் கார்பைடில் சிக்கிக்கொண்ட குரோமியம் துருவைத் தடுக்காது. மலிவு விலையில் எங்கும் கிடைக்கும் டி2 எஃகில் குரோமியம் 12 சதவீதம், கார்பன் 1.5 சதவீதம். குரோமியத்தில் பெரும்பங்கைக் கார்பன் இழுத்துக்கொள்வதால் கடற்கரை ஊர்களில் அது புள்ளி புள்ளியாகத் துருவேறும். எலுமிச்சை, மாங்காய் நறுக்கினால் உடனே கழுவித் துடைத்து, சுழலாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

பூட்டு இருந்தால் மடக்காத கத்திக்குச் சமம் என்பது ஆபத்தான பேச்சு. 1955இல் ஒப்பினலுக்கு வந்த வளையம், 1964இல் வந்த பக் 110 கத்தியின் முதுகுப் பூட்டு, 1980களில் மைக்கேல் வாக்கர் பரப்பிய லைனர் பூட்டு எல்லாமே, அலகு தவறி மடங்கும்போது விரலைக் காப்பாற்றச் செய்தவை. கத்தியை விறகில் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளப்பதற்கு அல்ல. அடியின் முழு வேகமும் ஒரு சிறிய ஆணியில் போய் இறங்கும். பூட்டு முகத்தில் மணலோ துணிப்பஞ்சோ சேர்ந்தால் அது முழுமையாகப் பதியவும் பதியாது. விறகு வேண்டுமானால் கைரம்பம் கொண்டுபோங்கள்.

டமாஸ்கஸ் கத்தி என்று அலை அலையாக வரி போட்டு விற்கிறார்களே, அது கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் நம் முன்னோர் மூசையில் உருக்கிய எஃகின் வாரிசு என்று பெருமையோடு வாங்குகிறார்கள். இல்லை. அந்தப் பழைய எஃகில் வரி, உருக்கிய கட்டிக்குள்ளேயே கார்பைடு அடுக்கடுக்காகப் படிந்ததால் வந்தது. இன்று விற்பது இருவகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, அடித்து ஒட்டி, அமிலத்தில் தோய்த்து வரி எடுத்தது. நல்ல கொல்லர் செய்தால் நல்ல கத்திதான்; வரியால் கூர் கூடாது. மலிவானவற்றில் வரியே வெறும் மேற்பூச்சாக இருக்கும்.

மழுங்கிய கத்தி பாதுகாப்பானது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். மழுங்கியதை அழுத்தித்தான் வெட்ட வேண்டும். வழுக்கும்போது அந்த அழுத்தம் முழுதும் கைக்கே வரும்.

சட்டத்தைப் பற்றியும் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஆறு அங்குலம்தான் எல்லை என்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் உள்ள அளவு 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம். அதற்கு மேற்பட்ட கத்திகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்காக எங்கும் எதையும் கொண்டுபோகலாம் என்று கிளம்பாதீர்கள். டில்லியில் பொத்தான் அழுத்தினால் திறக்கும் கத்திகளுக்குத் தனி அறிவிக்கை இருக்கிறது. அதில் நீள எல்லை 7.62 சென்டிமீட்டர்தான். விமானத்தில் கத்தி கைப்பையில் போகாது, சரக்குப் பெட்டியில்தான் போகும். தற்காப்புக்கு என்று கத்தி வாங்குகிறவர்களுக்கு நான் ஆலோசனை சொல்வதில்லை.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். வாங்குவதற்கு முன் உங்களையே ஒன்று கேளுங்கள்: இதை யார் தீட்டுவது? வனேடியம் கார்பைடு, அலுமினியம் ஆக்சைடுக் கல்லைவிடக் கடினமானது. எஸ்90வி போன்ற எஃகை வீட்டில் கிடக்கும் சாதாரணக் கல்லில் தேய்த்தால் கல்தான் முதலில் தோற்கும், வைரத்தகடு வேண்டும். அது இல்லாதவர்கள் இழுத்துத் தீட்டும் மலிவுக் கருவியில் கத்தியை இழுக்கிறார்கள். அதிலுள்ள கார்பைடுப் பட்டைகள் வாயைச் சீவிப் பிய்த்துவிடும். சிலர் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்கிறார்கள். அவர் தொழில் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தண்ணீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகை வைத்தால் வாய் நீலமாகும். நீலம் தெரிந்தால் ஏறத்தாழ 300 டிகிரி சூடு ஏறிவிட்டது என்று பொருள். 200 டிகிரிக்குப் பக்கத்தில் கவனமாகப் போட்ட பதம் அந்த இடத்தில் போயே போய்விட்டது.

கையால் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்பும் உள்ள கார்போரண்டம் கல், ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். வாயின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிக்கொண்டு இரண்டு தேய் தேய்த்துப் பாருங்கள். மை வாயின் நுனிவரை அழிந்தால் கோணம் சரி. மேலே மட்டும் அழிந்தால் முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே போனால் மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரலை முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வழித்தால் சொரசொரவென்று தட்டுப்படும். நுனி முதல் அடிவரை அது எழும்பாமல் பக்கம் மாற்றக் கூடாது. அவசரப்பட்டுப் பாதியில் மாற்றுகிறவர்கள்தான் "எனக்குத் தீட்ட வராது" என்று புலம்புகிறார்கள். பிறகு வழவழப்பான பக்கம், அதன்பிறகு பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி நாலைந்து இழுப்பு. செய்தித்தாளைக் கையில் தொங்கவிட்டு வெட்டினால் சத்தமில்லாமல் இறங்க வேண்டும்.

சாரணர் முகாம் நடத்துகிறவர்களுக்கும் பள்ளிகளுக்கும் நான் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பது இதைத்தான். கூடாரம் கட்டக் கற்றுக்கொடுக்கிறீர்கள், முடிச்சுப் போடக் கற்றுக்கொடுக்கிறீர்கள். ஒரு பிற்பகல் ஒதுக்கி, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கல் என்று வாங்கி வைத்து, வீட்டுக் காய்கறிக் கத்தியையே கொண்டுவரச் சொல்லித் தீட்டப் பழக்குங்கள். ஆசிரியர் கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஊர்த் தச்சரைக் கூப்பிடுங்கள். உளியைத் தினமும் தீட்டுகிற அவருக்கு எஃகின் குணம் தெரியும், ஹெச்.ஆர்.சி. எண்ணைக் கேட்டு அவர் இதுவரை ஓர் உளியும் வாங்கியிருக்க மாட்டார்.