பட்டையுள் மறைந்த மருந்து

செடிகொடிகளின் சாறு புற்றுநோயைத் தீர்க்குமா? இதனை அறிஞர் எங்ஙனம் ஆய்ந்தறிகின்றனர்? ஒரு மரத்தின் வரலாற்றால் அதனை அறிவோம்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வாஷிங்டன் மாநிலக் காட்டில், ஆர்தர் பார்க்லே என்னும் தாவர நூலறிஞர் பசிபிக் யூ மரத்தின் பட்டையைச் சேகரித்தார். அதன் சாறு ஆய்வுக்கூடத்தை அடைந்தது. அங்கே புற்றுநோய் உயிரணுக்களை ஊட்டநீரில் வளர்ப்பர். ஒரு பகுதிக்குச் சாற்றை இடுவர். மற்றொரு பகுதியை இடாது விடுவர். இரண்டையும் ஒப்பிட்டாலன்றோ சாற்றின் ஆற்றல் புலனாகும்? யூ மரச் சாறு அவ்வுயிரணுக்களைக் கொல்வது 1964இல் தெரிந்தது.

எனினும், அதனை மருந்தென்று எவரும் பறைசாற்றவில்லை. கண்ணாடிக் கலத்தில் உயிரணுக்களை நஞ்சும் கொல்லும். உடல் தாங்கும் அளவில் நோயை ஒடுக்குவதே அரிது. மன்ரோ வால், மன்சுக் வானி முதலியோர் அச்சாற்றினின்று டாக்சால் என்னும் பொருளைப் பிரித்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். உயிரணு இரண்டாகப் பிரிவதை அது தடுக்கும் முறையை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். விலங்குகளிடத்தும், பின்னர் நோயாளரிடத்தும் ஆய்ந்த பின்னரே, 1992இல் சினைப்பைப் புற்றுநோய்க்குரிய மருந்தாக அமெரிக்க அரசு அதனை ஏற்றது. பட்டை மருந்தாவதற்கு 30 ஆண்டுகள் சென்றன!

மாணவர்களே! "இவ்விலை புற்றுநோயைத் தீர்க்கும்" என்று எவரேனும் கூறின், "எங்ஙனம் ஆய்ந்தறிந்தீர்?" என்று வினவுமின். ஆராயாத மருந்தை நம்பி நோயாளர் இழக்கும் காலம் மீண்டும் வாராது.