பழைய 'செசமி ஸ்ட்ரீட்' மீண்டும் பார்க்கப் போகிறீர்களா?

சின்ன வயதில் பார்த்த அமெரிக்கக் குழந்தைகள் தொடர் அது, 1969-இல் தொடங்கியது. துண்டுக் காட்சிகளாகப் பார்க்காமல் ஓர் அத்தியாயத்தை முழுசாகப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் விளம்பரம் மாதிரி திரும்பத் திரும்ப வந்து மனதில் பதிவது அப்போதுதான் புரியும்.

படம் அகலத்தில் இழுபட்டுத் தெரிந்தால், டிவி அமைப்பில் 4:3 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் ஆண்டில் பொம்மைப் பாத்திரமான ஆஸ்கர் ஆரஞ்சு நிறத்தில் இருப்பான். பிரிண்ட் கோளாறு இல்லை; பச்சையானது பிறகுதான்.

கட்டாயம் பார்க்க வேண்டியது 1983-இல் வந்த மிஸ்டர் ஹூப்பர் அத்தியாயம். கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துவிட்டார். வேறு நடிகரைப் போடவில்லை, ஊருக்குப் போனார் என்று மழுப்பவும் இல்லை. பறவைப் பொம்மையான பிக் பேர்ட் எல்லோருக்கும் அவரவர் படத்தை வரைந்து கொடுக்கிறது. கையில் ஹூப்பர் படம் மிஞ்சுகிறது. அவர் இனி வரமாட்டார் என்று பெரியவர்கள் நேராகவே சொல்கிறார்கள். சாவைப் பற்றிக் குழந்தையிடம் பேச இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. கைக்குட்டையோடு உட்காருங்கள்.

அடுத்து, 1985. பிக் பேர்டுக்கு ஸ்னஃபி என்றொரு நண்பன் இருப்பதைப் பெரியவர்கள் அதுவரை நம்பவில்லை; அந்த ஆண்டுதான் அவனை நேரில் பார்க்கிறார்கள். 'சொன்னால் நம்பமாட்டார்கள்' என்று குழந்தைகள் உண்மையை மறைத்துவிடக் கூடாதென்றே கதையை மாற்றினார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன் நீங்கள் பார்த்துவிடுங்கள். 2006-இல் வந்த பழைய அத்தியாயங்களின் டிவிடியிலேயே, இவை பெரியவர்களுக்கானவை என்ற எச்சரிக்கை உண்டு.